மாப்பிள்ளையின் ஜீப்பைக் கழற்றிப் பூட்டிய வகையில்

திகாம் பத்து,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை விக்னேஸ்வரன் அவர்களுக்கு, மாமனார் ராமையா பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாமியார் இராசாத்தியும் உங்கள் ஜீப்பும் நலம். மூவரில் இந்த ஆண்டு அதிகமாகக் கவனிக்கப்பட்டது ஜீப் என்பதால் அதன் நலத்தை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். ஜொகூரில் நீங்களும் என் மகள் சாந்தினியும் நலமாக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் எதைக் கேட்டாலும் நீங்கள் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவைக்கிறீர்கள். அந்த விரலை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் தீபாவளிக்கு வருகிறீர்களா இல்லையா என்பது தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். எடுத்துக்கொண்டால் எந்த வரி என்று சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

ஜொகூருக்கு மாற்றலாகிப் போனபோது "ரெண்டே வாரம் மாமா" என்று சொல்லி ஜீப்பை எங்கள் வீட்டு முன்கொட்டகையில் நிறுத்தினீர்கள். ஜொகூரில் வாரங்கள் நீளமானவை போலும். அதற்குள் இங்கே இரண்டு தீபாவளிகள் வந்து போய்விட்டன. சாந்தினிக்கென்று எடுத்துவைத்த முறுக்கை இரண்டு முறையும் நானே தின்று முடித்தேன். என் பல்லின் நிலை உங்களுக்குத் தெரியும். பிறகு பொங்கலன்று நீங்களே தொலைபேசியில், "வண்டி ரெடியானதும் நாங்களே வந்து எடுத்துக்கிறோம் மாமா" என்றீர்கள். நானும் உங்கள் மாமியாரும் அதில் வண்டியைக் கவனிக்கவில்லை. 'நாங்களே வந்து' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஆகவே வண்டி தயாராக வேண்டியதாயிற்று.

கோளாறு டிரான்ஸ்பர் கேஸில் என்றீர்கள். அது கியர்பெட்டிக்குப் பின்னால் தொங்கும் ஒரு பெட்டி, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை என்று தெரிந்துகொண்டேன். பங்கு பிரிக்கப் போன எல்லாரையும் போல அதுவும் முனகிக்கொண்டிருந்தது. பெங்கலில் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாமே என்று மெல்லக் கேட்டேன். "பெங்கல்காரன் நல்ல சாமானக் கழட்டிக்கிட்டு பழச மாட்டிடுவான் மாமா. நீங்க பொறுமைசாலி. ஈசிதான்லா. வீடியோ அனுப்புறேன், வீக்கெண்ட் வேலைதான்" என்றீர்கள். வாழ்நாள் முழுதும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான் அதுவரை திறந்து பார்த்த மிகச் சிக்கலான இயந்திரம் ஸ்டேப்ளர். மாப்பிள்ளை வாய்திறந்து கேட்டதை மறுக்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லாததால் சரி என்றேன். எந்த வீக்கெண்ட் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் அனுப்பிய வீடியோவுக்கு நன்றி. அதில் வரும் இளைஞருடைய கை என் தொடை அளவு இருக்கிறது. அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பேசிக்கொண்டே நட்டுகளைக் கழற்றி, அந்தப் பெட்டியைத் தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல மார்பில் வாங்கிக்கொள்கிறார். அந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்தி என் மார்பைப் பார்த்தேன். பிறகு, நீங்கள் வந்தால் படுப்பதற்கென்று இராசாத்தி உறை மாற்றி வைத்திருந்த மெத்தையை வண்டிக்கு அடியில் தள்ளி, நட்டுகளைக் கழற்றி, பெட்டியைத் தாங்கிய ஜேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பெட்டி மெத்தையில் சுகமாக இறங்கியது. கூடவே, வடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த எண்ணெயும் இறங்கியது. மெத்தையைப் பார்த்த உங்கள் மாமியார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்துத்தான் பேசினார். பேசியவற்றை இங்கே எழுதவில்லை.

கழற்றியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களில் செங்கல் வைத்தேன். சங்கிலி தொய்ந்திருந்தது, பேரிங்குகள் தேய்ந்திருந்தன. புதிய பேரிங்கைச் சூடாக்கி, அது மாட்டும் தண்டைக் குளிரவைத்தால் ஒன்றில் ஒன்று தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று வீடியோ இளைஞர் சொல்கிறார். அவரிடம் அதற்கென்று தனி அடுப்பு இருக்கிறது. என்னிடம் உங்கள் மாமியார் மீன் பொரிக்கும் குவாலி இருந்தது. தண்டைக் குளிர்பெட்டியில் கெம்போங் மீனுக்கு அருகில் படுக்கவைத்துவிட்டு, குவாலியில் எண்ணெய் ஊற்றிப் பேரிங்கைப் போட்டு, கரண்டியால் மெல்லப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் காளிதாசன் சன்னல் வழியே தலையை நீட்டினார். முன்பு தோட்டத்து லோரி ஓட்டியவர். அந்த உரிமையில் வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்பார்.

"என்னா கிராணி, வடையா?"

"இல்ல, பேரிங்."

"வெந்துருச்சா?"

"இன்னும் கொஞ்சம் வேணும்னு நெனைக்கிறேன்."

"செவக்க விட்டுறாதீங்க. எங்க காலத்துல இதெல்லாம் கெடயாது. சம்மட்டியால ரெண்டு போடு போட்டா உள்ள போயிடும்."

"போகலன்னா?"

"அப்ப லோரியே போயிடும்லா" என்று சொல்லிவிட்டு, வடை இல்லை என்பது உறுதியானதும் போய்விட்டார். பேரிங் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் செய்த ஒன்று சொன்னபடி நடந்ததில் எனக்கே ஐயம் வந்து, கழற்ற முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. பிறகுதான் நம்பினேன். குவாலியை எத்தனை தரம் கழுவியும், அதில் பொரித்த மீன் இன்னும் லேசாக வண்டி வாசனைதான் வீசுகிறது.

அடுத்து நடந்ததை உங்களுக்கு விளக்குவது கடினம், ஏனென்றால் வீடியோவில் இது இல்லை. பெட்டியின் இரண்டு பாதிகளையும் பொருத்துவதற்கு முன் விளிம்பில் ஒரு பசை தடவ வேண்டும். தடவியதும் காலம் தாழ்த்தாமல் நட்டுகளை முடுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பசை ரப்பராக இறுகிவிடும். நான் பசையை ஒரு கோடு பிசகாமல் தடவிவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தால் ஒரு ஸ்பேனரும் இல்லை. அன்று ஆயுத பூசை. எல்லா ஸ்பேனர்களும் துடைத்துச் சந்தனம், குங்குமம் இடப்பட்டு, சரஸ்வதி படத்தின் முன் வாழை இலையில் வரிசையாகப் படுத்திருந்தன. சூடமும் காட்டியாகிவிட்டது.

"இராசாத்தி, அந்தப் பதினாலு நம்பர் ஒண்ண மட்டும் குடு."

"நாளைக்குக் காலையில பூச கலச்சப்புறம்தான்."

"பச காஞ்சிடும்."

"காயட்டும். சாமிகிட்ட வச்சத எடுப்பாங்களா? கிராணி வேல பாத்தப்ப, பேனாவ வச்ச அன்னிக்கு எப்பவாச்சும் எழுதியிருக்கீங்களா?"

எழுதியதில்லை. தோட்டத்துத் துரை வந்து கேட்டபோதுகூட நாளைக்கு என்றுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் துணிச்சலாகச் செய்த ஒரே காரியம் அது. அதையே எடுத்து எனக்கு எதிராக வைத்துவிட்டார். காளிதாசன் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய ஸ்பேனர்களும் இலையில் இருந்தன. எங்கள் வரிசை வீடுகள் முழுவதும் அன்று ஒரு நட்டைக்கூடத் திருக வழியில்லை. விரலாலேயே முடுக்கிப் பார்க்கலாம் என்று திரும்பி வந்தபோது, பூசையில் குறை இருக்கக் கூடாது என்று இராசாத்தி பெட்டிக்கும் பொட்டு வைத்திருந்தார், நான் பசை தடவிய விளிம்பில், நல்ல இடைவெளி விட்டு, அழகாக. வண்டி நகராது என்பதால் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தைச் சுத்தியலால் நசுக்கலாம் என்றேன். சுத்தியலும் பூசையில் இருந்தது. அவரே காலால் மிதித்தார். மறுநாள் முழுவதும் சந்தனமும் குங்குமமும் கலந்த ரப்பரைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன். உங்கள் வண்டிக்குத் தெய்வ அருளில் குறைவிருக்காது. கொஞ்சம் பெட்டிக்குள்ளேயே விழுந்திருக்கலாம்.

இனி நல்ல செய்தி. எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் ஊற்றி, நேற்று மழை விட்டதும் செம்பனைத் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான்கு சக்கர இழுவையைப் போட்டேன். ஜீப் ஏற்றத்தில் வழுக்காமல், முனகாமல் ஏறியது. மேலே போய் நின்றதும் அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"சத்தமே வரலியே. எதையாச்சும் மாட்டாம விட்டுட்டீங்களா?"

திருமணமானதிலிருந்து என் கைவேலையைப் பற்றி அவர் சொன்ன மிகப் பெரிய பாராட்டு இதுதான். வீடு திரும்பும் வழியிலேயே முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டோம்.

ஆக, வண்டி தயார். நீங்கள் கொடுத்த வாக்கை நினைவூட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். வண்டி தயார் என்று மட்டும் சொல்கிறேன். தீபாவளிக்கு நீங்களும் சாந்தினியும் வந்து, சாப்பிட்டு, இருந்து, பிறகு எடுத்துக்கொண்டு போங்கள். இனி எந்தக் காலத்திலும் அந்தப் பெட்டியை நான் திறக்கமாட்டேன். இதை உறுதியாகச் சொல்கிறேன். நான் உறுதியாகச் சொல்வது அரிது என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் இருவருக்கும் உடல்நலமும், நீண்ட விடுமுறையும், வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையில் நெரிசலின்மையும் வாய்க்க வேண்டும் என்று அம்மனை வேண்டும்,

தங்கள் அன்பு மாமனார்
ராமையா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சாந்தினி அழைத்தாள். "அப்பா, அவரு கூட்டாளி ஒருத்தரு நம்ம பக்கத்துல குருண்ல இருக்காராம். சனிக்கெழம அந்தக் கூட்டாளியே வந்து ஜீப்ப எடுத்துக்குவாராம். நாங்க அவ்ளோ தூரம் அலைய வேணாம்னு சொல்றாரு" என்றாள். பிறகு, "அம்மா முறுக்கு சுட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். எங்களுக்குச் சிரமம் வரக்கூடாது என்ற உங்கள் அக்கறைக்கு நன்றி. செய்தியை இராசாத்தியிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வண்டியில என்னமோ சத்தம் கேக்குதுல்ல?" என்றார். வண்டி அணைந்து கிடந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. காது கொடுத்துக் கேட்டேன். "ஆமா, கேக்குது" என்றேன். எனவே பெட்டியை மறுபடியும் இறக்கிப் பிரித்துப் போட்டிருக்கிறேன். இம்முறை விளக்கைப் பிடித்தது உங்கள் மாமியார். குருண் நண்பரைச் சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எப்படிப்பட்ட சத்தம் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் நேரில் சில நாள் தங்கிக் கேட்டால்தான் பிடிபடும். சாந்தினிக்குக் கூர்மையான காது. அவளையும் அழைத்து வாருங்கள்.