ஒத்த சீட்டு சைக்கிளும் ஒரு தே தாரிக்கும்

திங்கக்கிழமையிலேருந்து நான் வேலைக்கு சைக்கிள்லதான் போவேன். முடிவு பண்ணிட்டேன். இனி பத்துமலை முருகனே படி இறங்கி வந்து சொன்னாலும் இந்த முடிவ மாத்த முடியாது.

இத சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில எழுந்து நின்னு அறிவிச்சேன். என் பொண்டாட்டி மலர்விழி அண்ணாந்து பாத்தா.

"நின்னுக்கிட்டு இருந்தா எப்படி ரசம் ஊத்தறது? உக்காருங்க."

உக்காந்தேன்.

"என்ன திடீர்னு சைக்கிள்?"

"உடம்புக்கு நல்லது. ஊருக்கு நல்லது. நாட்டுக்கு நல்லது."

உங்ககிட்ட மட்டும் உண்மையச் சொல்றேன். நாக்குக்கு நல்லது.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எனக்கு ரத்தத்துல சுகர் ஏறிப்போச்சுன்னு ஒரு காகிதம் வந்துச்சு. அன்னைக்கே மலர் வீட்டுல அவசரகாலம் அறிவிச்சிட்டா. கட்டிப்பால் டின்னுங்க நாடு கடத்தப்பட்டுச்சு. சீனி டப்பா தலைமறைவு. எனக்குன்னு ஒதுக்குனது தே ஓ கோசோங். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. கறுப்பா, கசப்பா ஒரு தேயிலைச் சுடுதண்ணி. கோசோங்னா காலின்னு அர்த்தம். கிளாஸ் நெறஞ்சிருக்கும், மனுஷன்தான் காலி.

வெளியில குடிக்கலாமேன்னு கேப்பீங்க. எங்க குடிக்கறது? வீடு பெட்டாலிங் ஜெயாவுல. மலருக்கு பங்சார்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிராணி வேலை. அவள மணியடிக்கிற நேரத்துக்குக் காடியில கொண்டு போய் விட்டுட்டு நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசுக்குப் போகணும். பிரிக்ஃபீல்ட்ஸ்ல காடி நிறுத்த இடம் தேடறதுக்குள்ள ஒரு மனுஷன் ரிட்டயர் ஆயிரலாம். ராதாகிருஷ்ணன் அண்ணன் கடைய மூணு சுத்து சுத்துவேன். அண்ணன் கட்டிப்பால் ஊத்தி தே தாரிக் ஆத்தறத கண்ணாடி வழியாப் பாப்பேன். பிரகாரம் சுத்தி சாமி கும்பிட்ட மாதிரி கன்னத்துல போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போயிருவேன். மத்தியானம்? மலர் கட்டிக் குடுத்த டப்பா. அதையும் வீடியோ கால்ல காட்டிக்கிட்டே சாப்பிடணும்.

சைக்கிளுக்கு பார்க்கிங் வேணாம். கடை வாசல்லயே சாச்சிட்டு உக்காரலாம். முக்கியமா, சைக்கிளுக்கு ஒரே ஒரு சீட்டு.

"அப்ப காடி?" மலர் கேட்டா.

"நீயே வச்சுக்கலா." தியாகி மாதிரி சாவிய நீட்டினேன்.

வாங்கிக்கிட்டா. ரொம்ப சீக்கிரமா வாங்கிக்கிட்டா. அப்பவே எனக்கு மூளை வேலை செஞ்சிருக்கணும்.

"தாராளமா போங்க. ஆனா சேஃப்டி மட்டும் என் பொறுப்பு."

அடுத்த நிமிஷம் வேலி ஓரம் போய் நின்னு பக்கத்து வீட்டு சுகுமாறன கூப்பிட்டா. சுகுமாறன் வாரா வாரம் சைக்கிள் ஓட்டறவரு. அவரு போடற இறுக்கக் கால்சட்டையப் பாத்தா தெரு நாயே வெக்கப்பட்டு முகத்தத் திருப்பிக்கும். மூக்காலதான் பேசுவாரு. மூச்சுக்கு ஒரு 'ப்ரோ'.

"ப்ரோ, என்னோட பழைய சைக்கிள எடுத்துக்குங்க ப்ரோ. ஆனா மொதல்ல சீட்டு உயரம் ப்ரோ. குதிகால பெடல் மேல வச்சா கால் நேரா இருக்கணும். இல்லன்னா முட்டி காலி ப்ரோ."

மலர் நோட்டுப் புத்தகம் எடுத்துட்டு வந்து எழுத ஆரம்பிச்சிட்டா.

"முதுகுல பை மாட்டாதீங்க ப்ரோ, சட்டை ஊறிப் போயிரும். பின்னாடி கேரியர்ல கட்டுங்க. ஆபீஸ் சட்டைய ஆபீஸ்லயே வச்சிருங்க. ஒரு துண்டும் வைங்க."

"மூணு துண்டுன்னு எழுதறேன்," மலர் சொன்னா. "இவரு படுத்துக்கிட்டு டிவி பாத்தாலே வேர்க்கும்."

"நிக்கிற காடிய ஒட்டிப் போகாதீங்க ப்ரோ. ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்க. எவனாச்சும் பாக்காம கதவத் தொறந்தான்னா, நீங்க அவன் மடியிலதான் உக்காருவீங்க."

"யோவ்!"

"கிளம்பறதுக்கு முன்னாடி டயர்ல காத்து, பிரேக்கு ரெண்டையும் பாருங்க ப்ரோ. பகல்லயும் லைட் போடுங்க. பளபளக்கிற மேலங்கி ஒண்ணு மாட்டுங்க. ரோட்டுல எல்லாரும் உங்கள நல்லாப் பாக்கணும் ப்ரோ, அதான் மெயின்."

"எல்லாரும் பாக்கணும்," மலர் மெதுவா சொல்லிக்கிட்டே அதுக்கு மட்டும் ரெண்டு கோடு போட்டா.

கடைசியா சுகுமாறன் ஒரு குண்டத் தூக்கிப் போட்டாரு. "வேலை நாள்ல மொத தடவையா ஓட்டாதீங்க ப்ரோ. ஞாயித்துக்கிழமை ரோடு காலியா இருக்கறப்ப ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க."

ஓட்டிப் பாத்தேன். நான் முன்னாடி சைக்கிள்ல. எனக்குப் பின்னாடி மலர் காடியில, ரெண்டு பக்க சிக்னலும் மின்ன மின்ன. அதுக்குப் பின்னாடி ஒரு லோரி, ரெண்டு டாக்சி, பதினஞ்சு மோட்டார். எதிர்ல வந்த பெரியவர் ஒருத்தர் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு. யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சிட்டாரு.

மலர் கண்ணாடிய இறக்கிட்டா. நம்ம ஜிபிஎஸ் பொம்பள இருக்காளே, அதே குரல், ஆனா கோபத்தோட.

"சாக்கடை லோங்காங் மூடி மேல போகாதீங்க! கம்பி இடுக்குல டயர் மாட்டிக்கும்!"

"போகல!"

"திரும்பறதுக்கு முன்னாடி கையக் காட்டுங்க!"

காட்டினேன்.

"எனக்கு எதுக்குக் காட்டறீங்க? திரும்பற பக்கம் காட்டுங்க!"

திரும்பற பக்கம் காட்டினேன். அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ன ஆன்டி ஒருத்தங்க எனக்குத் திருப்பிக் கையாட்டினாங்க.

"யாரு அது?" அப்படின்னு ஜிபிஎஸ் கேட்டுச்சு.

திங்கக்கிழமை காலையில ஆறரை மணி. வாசல்ல என்ன நிக்க வச்சு மலரே அலங்காரம் பண்ணா. தலையில ஹெல்மெட். முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட். கால்சட்டை செயின்ல சிக்காம இருக்க ரப்பர் பேண்ட். மழை வந்தா போட்டுக்க பிளாஸ்டிக் கோட்டு. கடைசியா மஞ்சள் மேலங்கி. எங்கூட இருபத்தாறு வருஷமா வாழறவ, தன் கையால மாட்டி, முன்னாடி ஜிப்பையும் இழுத்து விட்டா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"பாத்துப் போங்க," அப்படின்னா.

போனேன். உண்மையாவே நல்லா இருந்துச்சு. காலைக் காத்து, வெயில் ஏறாத ரோடு. அதவிட ஆச்சரியம், ஜனங்க. எனக்குப் பின்னாடி வந்த மோட்டார்காரங்க எல்லாம் ஹார்ன் அடிச்சாங்க, கட்டை விரலத் தூக்கிக் காட்டினாங்க. ஒருத்தரு பக்கத்துல வந்து, "சாபார், பாக் சிக்!"னு சத்தம் போட்டுட்டுப் போனாரு. பொறுமையா இருங்க பெரியவரேன்னு அர்த்தம். எதுக்குப் பொறுமை? தெரியல. ஆனா பிரிக்ஃபீல்ட்ஸ் சேர்றதுக்குள்ள நான் ஒரு சின்ன அரசியல்வாதி ஆயிட்டேன். ரெண்டு கையையும் மாத்தி மாத்தி ஆட்டிக்கிட்டே போனேன்.

ராதாகிருஷ்ணன் அண்ணன் கடை. வாசல்லயே சைக்கிளச் சாச்சேன். பூட்டு போட்டேன். எல்லாருக்கும் முதுகக் காட்டிக்கிட்டு மெதுவா, ஸ்டைலா கை கழுவினேன். உக்காந்தேன்.

"அண்ணே! ஒரு தே தாரிக். நல்லா காவ், சாயம் தூக்கலா. கட்டிப்பால் தாராளமா."

அண்ணன் ஒரு கிளாஸ் கொண்டாந்து வச்சாரு. கறுப்பா இருந்துச்சு.

"அண்ணே, பால்?"

"இல்லப்பா."

"தீந்து போச்சா?"

"இருக்கு. உனக்கு இல்ல."

"ஏண்ணே?"

"முதுகப் பாருப்பா."

தன் முதுகத் தானே பாக்க முயற்சி பண்ணியிருக்கீங்களா? வாலப் பிடிக்கப் போற நாய் மாதிரி ரெண்டு சுத்து சுத்திட்டு மேலங்கியக் கழட்டினேன். உள்ளங்கை அளவு சிவப்பு எழுத்து. வெளிச்சம் பட்டா மின்னற எழுத்து. மேல மலாய்ல: 'கென்சிங் மானிஸ். தே ஓ கோசோங் சாஜா.' அதுக்குக் கீழ தமிழ்ல: 'இவருக்கு இனிப்புநீர். தே ஓ கோசோங் மட்டும் கொடுக்கவும். நன்றி.' அதுக்கும் கீழ சீனத்துல ஒரு வரி. மலர் ஸ்கூல்ல வேலை பாக்கற மிஸ் லிம் எழுதிக் குடுத்தாங்களாம். சீனர் காப்பிக் கடைப் பக்கம் ஒதுங்கலாம்னு இருந்த ஒரே வழியும் அடைபட்டுச்சு.

ஒன்பது கிலோமீட்டர். பாதி சிலாங்கூரும் பாதி கோலாலம்பூரும் என் சுகரப் படிச்சிருச்சு. நான் கையாட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

சும்மா விடுவேனா? செவ்வாய்க்கிழமை புதுத் திட்டம். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமே போகக் கூடாது. மலர் ஸ்கூலுக்குப் பின்னாடி பங்சார்ல ஒரு ஒட்டுக்கடை இருக்கு. திருடன் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான் ஒளியணும். எப்படியும் மலர் மணியடிக்கிறப்பதான் ஸ்கூல்ல நுழைவா. அவ கடைப் பக்கம் வந்ததா சரித்திரமே இல்ல.

ரெண்டு தெரு முன்னாடியே இறங்கினேன். மேலங்கியச் சுருட்டிப் பையில திணிச்சேன். உருட்டிக்கிட்டே கடைக்குப் போய், சைக்கிள் மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்து உக்காந்தேன். கடைக்கார அக்காவுக்கு என்னத் தெரியாது. என் சுகரும் தெரியாது.

"அக்கா, தே தாரிக் ஒண்ணு."

வந்துச்சு. பொன் நிறம். மேல நாலு விரல் கட்டை நுரை. அஞ்சு மாசத்துப் பிரிவு. கிளாசுக்கும் உதட்டுக்கும் ரெண்டு இன்ச்சு இருக்கறப்ப, பின் மேஜையிலேருந்து ஒரு குரல்.

"அக்கா, எங்களுக்கு இன்னும் ரெண்டு ரொட்டி சானாய்!"

ஜிபிஎஸ்.

திரும்பினேன். மலர். கூட மிஸ் லிம்மும் இன்னொரு டீச்சரும். மேஜை முழுக்கத் தட்டு.

"நீ... நீ எங்க இங்க?"

"பசியாற வந்தேன். நீங்க குளிச்சு, தலை சீவி, சாவியத் தேடி, என்னக் கொண்டாந்து விடறதுக்குள்ள மணி அடிச்சிரும். இத்தன வருஷத்துல ஒரு நாள் நான் வெளியில பசியாறுனது இல்ல. இப்ப சாவி என்கிட்ட இருக்கில்ல, அரை மணி நேரம் மிச்சம்லா." கண்ணு மெதுவா என் கைக்கு எறங்குச்சு. "அது யாருக்கு?"

மனுஷனுக்கு உயிர் போற நேரத்துலதான் வாய்ல கவிதை வரும்.

"உனக்குத்தான் மலர். நீ வருவேன்னு மனசு சொல்லுச்சு. சூடா ஆர்டர் பண்ணி வச்சேன்."

"அய்யோ, சோ ஸ்வீட்!" மிஸ் லிம் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டாங்க. அந்த டீச்சர், "எங்க வீட்டுலயும் இருக்காரே ஒருத்தரு"ன்னு பெருமூச்சு விட்டாங்க.

மலர் கிளாச வாங்கினா. என்னப் பாத்துக்கிட்டே குடிச்சா. பாதியில நிறுத்தி, உதட்டு மேல ஒட்டுன நுரையத் தொடச்சுக்கிட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. தினமும் இதே மாதிரி ஆர்டர் பண்ணி வச்சிருங்க, என்ன? அக்கா! இவருக்கு ஒரு தே ஓ கோசோங்!"

மூணு மாசம் ஆச்சு. தினமும் ஓட்டறேன். தினமும் தே தாரிக் ஆர்டர் பண்றேன். தினமும் அவ குடிக்கிறா. நான் எதிர்ல உக்காந்து கறுப்புத் தண்ணிய ஊதி ஊதிக் குடிக்கிறேன்.

போன வாரம் மறுபடியும் ரத்தம் எடுத்தாங்க. டாக்டர் காகிதத்தப் பாத்தாரு. என் தொப்பையத் தேடினாரு, காணோம். நாற்காலிய விட்டே எழுந்துட்டாரு.

"சுகர் எல்லாம் அப்படியே இறங்கிருச்சு! இதுக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கணும்!"

அடக்கமா சிரிச்சுக்கிட்டே நான் கைய நீட்டினேன்.

அவரு என்னத் தாண்டிப் போய் மலர் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு.