மதகடிப்பட்டில் சம்பளம் பேசிய சருக்கம்

மானத்தின் விலை மாதம் பதினைந்து ரூபாய். எந்தச் சந்தையிலும் கூவி விற்கப்படாத அந்தப் பொருளுக்குப் பிரெஞ்சு சர்க்கார் மண்ணில் முதன்முதலாக விலை கட்டியவள் பாகூர்த் தனக்கொடி. அதை ஈட்டிவரப் புறப்பட்டவன் அவள் கணவன்.

வாழ்க அவன்! பாகூர் ஏரிபோல் அகன்ற மார்பினன், கரும்புச் சோகைபோல் சிலிர்த்த மீசையன், ஏம்பலத்து மிராசுதார் ஒருவருக்காகப் பதினெட்டு ஆண்டுகள் உழவுமாடு வாங்கி, விற்றவர் கண்ணெல்லாம் கலங்க விலையை அடித்து நொறுக்கிய வெஞ்சினக் கையன், கேட்ட விலையை ஒருநாளும் கொடுத்தறியாக் குரிசில், சிங்காரவேலு வாழ்க!

மிராசுதார் மாண்டார். பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போனார்கள். உழ நிலமில்லாத இடத்தில் உழவுமாடு வாங்குபவனுக்கு என்ன வேலை? வேலிழந்த வேந்தன் வனம் புகுந்தாற்போல நம் தலைவன் மைத்துனன் தணிகைவேலின் வீடு புகுந்தான். மூன்று மாதம் அவ்வீட்டுச் சோற்றை உண்டான். மைத்துனன் மனைவி அமுதம், பெயரில் மட்டும் இனித்தவள், கரண்டியைச் சட்டியின் விளிம்பில் போர்முரசுபோல் தட்டி, "அண்ணனுக்கு இன்னொரு கரண்டி இப்பவே போடவா, வேல கெடச்சப்புறம் போடட்டா?" என்று வினவிய அன்று, தனக்கொடி எழுந்தாள்.

விரல்விட்டு எண்ணினாள். வாடகை முதல் விளக்கெரிக்கும் எண்ணெய் வரை எண்ணி முடித்து, கணவனிடம் அறைகூவினாள்: "பதினைஞ்சு ரூபா சம்பளம் பேசிட்டு வா மாமா. வில்லியனூர்ல தனி வூடு பாத்துக்கலாம். இந்தக் கரண்டிச் சத்தம் இனிமே என் காதுல வுழக் கூடாது."

வில்லியனூரில் வாழ்ந்தவர் சிவப்பிரகாசம், மாட்டு வியாபாரி. கிழட்டுக் காளையைக் கன்று என்று விற்று, வாங்கியவனையும் வாழ்த்தவைத்த வாணிபச் சிங்கம். முப்பது ஆண்டுகள் விற்று விற்று உயர்ந்த அவருக்கு வாங்க மட்டும் வராது; ஆகவே அதற்கோர் ஆள் தேடினார். ஆனால் வாயால் கூலி பேசுவது அவர் குலத்துக்கே இழுக்கு. மாட்டு விலை பேசுவதுபோல, மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தையில், ஆயிரம் கண்களுக்கு நடுவே, துண்டுக்குள் கைவிட்டே சம்பளமும் பேசுவார்.

முழத்துண்டே, மூடிக்காக்கும் தெய்வமே, உனக்கு வணக்கம்! உன் நிழலில் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. வாய் திறப்பவன் தோற்றவன். உன்னை விலக்கியபின் விலையை மாற்றுபவன் மனிதப் பதரென்று மடுகரை வரை தூற்றப்படுபவன்.

மதகடிப்பட்டுப் புளியமரத்தடியில் இரு வீரரும் எதிரெதிரே குந்தினர். துண்டு விழுந்தது; கைகள் கலந்தன. சிவப்பிரகாசம் எட்டைப் பிடித்தார். சிங்காரவேலு பதினெட்டைப் பிடித்தான். ஒன்பது, பதினேழு, பத்து, பதினாறு. அங்கே இருவர் தேர்களும் சேற்றில் இறங்கின. பத்துக்கு மேல் ஏறுவதில்லை என்று அவர் கை கல்லானது. பதினைந்துக்குக் கீழே மானம் இல்லை என்று இவன் கை இரும்பானது. நெற்றியில் வியர்வை முத்தரும்ப, மூச்சு துருத்தியென எழுந்து தாழ, வெற்றிலைக்காரி காசம்மாள் பாக்கு வெட்டுவதையும் மறந்து பார்க்க, பேரம் அசையாமல் நின்றது.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. அவர்கள் முதுகுக்குப் பின்னே கட்டியிருந்த மயிலைக் காளை ஒன்று, முகில் முழங்கியதுபோல, "ம்மா" என்று கதறியது.

ஐயகோ! அந்த ஒலி இருவர் செவியிலும் புகுந்து, அறிவை எட்டாமல், நேரே கையில் இறங்கியது. பதினெட்டு ஆண்டு அடித்துக் குறைத்த கை சிலிர்த்தெழுந்தது. முப்பது ஆண்டு ஏற்றி விற்ற கை கொதித்தெழுந்தது. பதினாறில் நின்ற சிங்காரவேலு, இந்த விலைக்கு வாங்குவேனா என்று பதினொன்றுக்குப் பாய்ந்தான். பத்தில் நின்ற சிவப்பிரகாசம், இந்த விலைக்குக் கொடுப்பேனா என்று பதினாறுக்குத் தாவினார். அவன் தாழ்த்த, அவர் உயர்த்த, அவன் பன்னிரண்டு என்று முறுக்க, அவர் பதினைந்து என்று அழுத்தினார். தனக்கொடி கேட்ட அதே பதினைந்து, தேடிவந்த திருமகள்போல அவன் உள்ளங்கையில் அமர்ந்தது. ஏமாற்றப் பார்க்கிறாயா என்று அவன் அதை உதறித் தள்ளினான்! அவர் பதினான்கு என்று கெஞ்சினார். அவன் பதிமூன்று என்று இடித்தான். அவர் கை தளர்ந்தது. துண்டு விலகியது.

வெற்றி முழக்கங்கள் விண்ணைப் பிளந்தன. "பதினொன்னுக்கு அமுக்கப் பாத்தான், நானா வுடுவேன்? பதிமூணு!" என்றார் சிவப்பிரகாசம். "பதினாறுல நின்னாரு. பதிமூணுக்கு எறக்கிட்டேன்" என்று மீசையை முறுக்கினான் சிங்காரவேலு. கூட்டம் இருவரையும் வாழ்த்தியது.

வெற்றிபெற்றவன் வாங்கிய பொருளைக் கொண்டுசெல்லத் திரும்பிக் கயிறு தேடினான்.

"இன்னா தேடற?" என்றாள் காசம்மாள். "மாடு எங்க? வெல போனது நீதான்."

அந்தச் சொல் இடியென இறங்க, பத்துக்கு மேல் ஏறேன் என்றவர் மூன்று ரூபாய் மேலே நிற்பதையும், பதினைந்துக்குக் கீழே இறங்கேன் என்றவன் இரண்டு ரூபாய் கீழே கிடப்பதையும், ஒருவர் முகத்தில் ஒருவர் கண்டனர். மீண்டும் துண்டு போட இருவர் கைகளும் துடித்தன; ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. சிவப்பிரகாசம் தொண்டையைச் செருமி, "ஒண்ணாந்தேதி வந்துடு" என்று மட்டும் சொன்னார்.

பாகூரில் தனக்கொடி முழுக் கதையையும் கேட்டாள்.

"அவரு பதினைஞ்சு புடிச்சாரா?"

"புடிச்சாரு."

"நீ இன்னா பண்ண?"

"அடிச்சிக் கொறைச்சேன்."

அவள் முந்தானையை வாயில் பொத்தினாள். அழுகிறாள் என்று நடுங்கினான் தலைவன். அவளோ, தோள் குலுங்க, சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மாம் பெரிய வியாபாரியையே எறக்கினியே மாமா, நீ சாமானியனா?" என்று கண்ணைத் துடைத்தவள், அடுப்படியில் அமுதத்தின் கரண்டி முழங்கக் கேட்டதும் நிமிர்ந்தாள், விரல்களை மீண்டும் விரித்தாள், ஒரு விரலை மடக்கினாள், பாயைச் சுருட்டினாள்.

ஒண்ணாந்தேதி வைகறையில், எருதிரண்டு தேரீர்க்க, பாயும் பானையும் படைக்கலமாய் விளங்க, மைத்துனன் வாசல் கடந்து, சங்கராபரணி மணலைத் தாண்டி, மானம் மீட்ட மன்னனும் தேவியும் வில்லியனூரில், மேரி என்னும் நகராட்சி ஆபீசுக்குப் பின்சந்தில், ஓரறைக் கோட்டையுள் புகுந்தனர்.

வாடகை மூன்று, அரிசி ஐந்து, மளிகை மூன்று, மச்சான் வீட்டுச் சோற்றுக்கடனுக்கு இரண்டு, ஆக மொத்தம் பதிமூன்று, மண்ணெண்ணெய்க்குக் காசில்லை.