அர்பாபின் வெள்ளைக் குதிரைக்கு ரெஜிமென்ட் அண்ணாச்சி அடித்த நிறம்

குதிரைமேல் ஒருநாளும் ஏறாமலே உலகத்துக் குதிரைப்படைகள் அத்தனைக்கும் தளபதியாக இருந்தவர் ஒருவர்தான். 2004இல் அவர் அபுதாபி முசஃபாவில் ஒரு கராஜில் கார்களுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் அங்கே டைம்கீப்பர். அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ரெஜிமென்ட் அண்ணாச்சி.

தென்காசியில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய, அட்டை போன புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் வடமேற்கு எல்லை மலைகளில் சண்டை போட்ட குதிரைப்படையைப் பற்றியது. தொழிலாளர் கேம்ப் ரூமில் சாமி படத்துக்கும் மேலே அதை வைத்திருந்தார். அதைப் படித்துப் படித்து, கராஜுக்கு வரும் எதுவும் அவர் கண்ணுக்கு வண்டியாகத் தெரிவதில்லை. பழுப்பு பிக்கப் வந்தால் செவலை. சில்வர் கலர் வந்தால் மயிலை. வெள்ளைக் கார் வந்தால் முகம் சுளிப்பார்.

“வெள்ளக் குதிர எல்லைக்கு ஆவாது தம்பி. மலைமேல துப்பாக்கியோட இருக்கவனுக்கு ஒரு மைல்லயே தெரிஞ்சிரும். பட்டாளத்துல எக்காளம் ஊதுதவனுக்கு மட்டுந்தான் வெள்ள. கூட்டத்துல அவன் எங்க நிக்கான்னு தெரியணும்லா?”

“இங்க எல்லாருமே வெள்ளைக் கார்தானே அண்ணாச்சி வச்சிருக்காங்க?”

“அதான் அத்தன பேரும் ஹாரன் அடிச்சே நம்மளக் கொல்லுதானுவ!”

அந்த ஆனி மாதம் எங்கள் முதலாளி, அதாவது அர்பாப், தன் பண்ணையின் இரும்பு கேட்டுக்கு பெயின்ட் அடிக்க அவரை அனுப்பினார். துணைக்கு நான். அண்ணாச்சி சந்தோஷமாக இருந்தார். ஆவணி பிறந்ததும் மூத்த மகளுக்குக் கல்யாணம். மூன்று வருஷத்துக்குப் பிறகு லீவும் கிடைத்திருந்தது.

பண்ணையில் அர்பாபின் செல்லமான வெள்ளைப் பெட்டைக் குதிரை நின்றது. எனக்குக் குதிரை என்றாலே நடுக்கம். பத்தடி தள்ளியே நின்றேன். அதைப் பார்த்துக்கொண்டவர் கான் பாய். பெஷாவர்காரர். அண்ணாச்சி புத்தகத்தில் மட்டும் பார்த்த அதே எல்லையிலிருந்து இறங்கி வந்தவர்.

மத்தியானம் கானும் நானும் ரொட்டி தின்றுவிட்டு ஏசிக்கு அடியில் சாய்ந்தோம். அண்ணாச்சி தனக்குப் பசிக்கவில்லை என்றார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எழுந்து வந்து பார்த்தால் வெள்ளைக் குதிரையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு செவலைக் குதிரை நின்றது! எவனோ நம் குதிரையைத் திருடிவிட்டு வேறொன்றைக் கட்டிவிட்டுப் போய்விட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அண்ணாச்சியைப் பார்த்தேன். முழங்கைவரை பழுப்பு. காலடியில், குளம்பு கழுவ கான் வைத்திருந்த, காய்ந்தால் பழுப்பாகும் பெர்மாங்கனேட் மருந்து டப்பா காலியாகக் கிடந்தது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணாச்சி!”

“பட்டாளத்துல இப்பிடித்தான் தம்பி பண்ணுனாவ. வெள்ளக் குதிரைக்கெல்லாம் இந்த மருந்தத் தேச்சு செவலையாக்குனாவ. புஸ்தகத்துல இருக்கு. நெசமான்னு பாத்தேன். நெசந்தான் போ!”

பின்னால் வந்த கானின் கையிலிருந்து டீ கிளாஸ் விழுந்தது. “அரே பாயி, யே க்யா கியா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணாச்சி தன் ஓட்டை இந்தியில் அவருக்கே எல்லைப் போரை விளக்கினார். உங்கள் ஆட்களின் குண்டிலிருந்து குதிரையைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்றார்.

கான் கொதித்துப்போனார். “எங்க பாட்டன் ஒருநாளும் குதிரையைச் சுட்டதில்ல! மேல உக்காந்திருக்கவனத்தான் சுடுவாரு. குதிரை எங்களுக்கு வேணாமா?”

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தில் இது இல்லை. அவர் அதிர்ந்து போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அர்பாப் வந்தார். குதிரையை மூன்று சுற்று சுற்றினார். அண்ணாச்சி தானாகவே முன்னால் போய் நின்றார். எத்தனை நாளில் போகும் என்று அர்பாப் கேட்க, இரண்டு மாதம் ஆகலாம் என்றார் கான்.

“குதிரை வெள்ளையாகும்வரை இவனுக்கு லீவு மாஃபி. கலாஸ்.”

லீவு இல்லை, அவ்வளவுதான். பாஸ்போர்ட் அர்பாபிடம். கல்யாணத்துக்கும் சரியாக இரண்டு மாதம்.

அன்றிலிருந்து அண்ணாச்சி தினமும் டியூட்டி முடிந்ததும் பண்ணைக்கு ஓடினார். எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து குதிரையைத் தேய்ப்பதுதான் வேலை. கேம்ப் மெஸ்ஸில் இருந்த எலுமிச்சை அத்தனையும் குதிரைக்கே போனது. ஊறுகாய் நின்றது. உப்பு கொஞ்சம் குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடும் நாற்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. திட்டித் தீர்த்த கானே அடுத்த வாரம் ஒரு பெட்டி எலுமிச்சை வாங்கிவந்தார். குதிரை செவலையிலிருந்து கட்டன்சாயா நிறத்துக்கு வந்தது. பிறகு பால் டீ. பிறகு சந்தனம்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை அர்பாப் பார்வையிட வந்தார். மறுநாள் ஃப்ளைட். குதிரை பளிச்சென்று வெள்ளை. ஆனால் இடது கழுத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு போகவே இல்லை. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை.

எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. பத்தடி தள்ளி நிற்கும் நான், குதிரையின் கழுத்தில் முதுகைச் சாய்த்து, அந்தப் பழுப்பை மறைத்து நின்றுவிட்டேன். அது என் காதில் மூச்சு விட்டது. அர்பாப் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டி, “யல்லா” என்றார். கிளம்பு என்று அர்த்தம்.

அர்பாபின் கார் போன பிறகும் நான் நகரவில்லை. பயத்தில் எனக்குக் கால் வரவில்லை என்று கான் கேம்ப் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அது உண்மையில்லை. அண்ணாச்சி ஊர் போய் மகளைப் பார்த்துவிட்டேன் என்று போன் பண்ணும்வரை, பழுப்பு இருந்த அந்த இடத்தை மூடியே வைத்திருக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.