கீரைப் பாத்தியில் ஒரு சிவப்புப் புள்ளி

மண்ணுக்கு ஜாதகம் எழுதிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வாத்தியார். பெயர் என்னவோ இருந்தது. எங்கள் தெருவுக்கு அவர் மண்ணு சார்.

ஊரெல்லாம் டிபன் பெட்டியில் சாம்பார் சாதம் கொண்டுபோகும். சார் மண் கொண்டுவருவார். ஒரு நாள் பஸ்ஸில் அது கவிழ்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணின் பட்டுப்புடவையெல்லாம் செம்மண். அவள் திட்டத் திட்ட, "நல்ல வளமான மண்ணும்மா" என்று ஆறுதல் சொன்னாராம்.

மண்ணைச் சோதிக்க அவர் ஒரு ரோபோ செய்தார். மூளை ஜெர்மனியிலிருந்து பார்சலில் வந்தது. கண் ஜப்பான். உடம்பு படப்பை வெல்டிங் கடை பாய் செய்தது. இத்தனை தேசம் கூடிச் செய்தும், பார்ப்பதற்குத் தண்ணீர் டிரம்முக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரிதான் இருந்தது.

"இன்னா சார், இது நடக்குமா, நாமதான் தூக்கினு போவணுமா?" என்றார் பாய்.

"நடக்கும் பாய். நாலடிக்கு ஒரு தரம் மண்ணுல ஊசி குத்திப் பார்க்கும். எங்க உப்பு, எங்க சத்துன்னு கலர் கலரா மேப் போட்டுடும்."

"எங்கூட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடு சார். கொழம்புல உப்பு எங்க கீதுன்னே தெரியல."

ஓட்டிப் பார்க்க நிலம் வேண்டுமே. படப்பையில் எனக்குப் பதினைந்து சென்ட் கீரைத் தோட்டம். "அக்கா, கொஞ்ச நாளைக்குக் குடுங்களேன்" என்று சார் கேட்டார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. மூன்று மாதம் அந்த டிரம் என் அரைக்கீரையை மிதித்து விஞ்ஞானத்தை வளர்த்தது.

கடைசியில் மூளையை அனுப்பிய ஜெர்மனிக்காரர் நேரில் வருவதாகத் தகவல். மேப் சரியாக வந்தால் இரண்டு தேசமும் சேர்ந்து வேலை செய்யும். தப்பாக வந்தால் மூளையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாருக்கு அது ஐந்து வருட உழைப்பு. மூன்று நாளாக மாடியில் அவர் நடக்கிற சத்தம்தான் கேட்டது. சாப்பிட்ட சத்தமே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று காலை யாரும் வருமுன் தோட்டத்துக்குப் போய் டிரம்முக்குத் திருஷ்டி சுற்றினேன். வழக்கமாக ஒரு பிடி கல்லுப்பு, மூன்று மிளகாய். வரப்போவது ஜெர்மனிக் கண்ணாயிற்றே என்று உப்பை இரண்டு கை நிறைய எடுத்தேன். தண்ணீரில் கரைக்கப் போவதற்குள் சார், பாய், ஜெர்மனிக்காரர் மூவரையும் ஏற்றிக்கொண்டு கார் வந்துவிட்டது. வெட்கத்தில் ஈரப் பாத்தியின் மூலையில் எல்லாவற்றையும் கொட்டி மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

ரோபோ அன்றைக்கென்று ஒழுங்காக நடந்தது. மேப்பும் வந்தது. எல்லா இடமும் பச்சை, மூலையில் மட்டும் ரத்தச் சிவப்பு. ஜெர்மனிக்காரர் தன் காகிதத்தைப் பார்த்தார். போன மாதம் அதே மூலை மண்ணை லேபில் பார்த்தபோது உப்பே இல்லையாம். மெஷின் பொய் சொல்கிறது என்று பையை மூடினார்.

சார் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொடுகிற மாதிரி டிரம்மின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் பாயின் பக்கம் நகர்ந்தேன். "பாய், அந்த உப்பு நான் போட்டதுன்னு சொல்லிடுங்க."

"சார், அந்த உப்பு அக்கா போட்டதாம்," என்றார் பாய், படப்பை பூராவுக்கும் கேட்கும்படி.

சார் இங்கிலீஷில் சொன்னார். ஜெர்மனிக்காரர் நம்பாமல் குனிந்து மூலையைக் கிளறினார். மூன்று மிளகாய் வெளியே வந்தது. இது எதற்கு என்று கேட்டார்.

"அக்கா, என்னன்னு சொல்றது? உங்க கண்ணு பட்டுடக் கூடாதுன்னா?" என்று சார் என் பக்கம் திரும்பினார்.

"ஐயோ, வேணாம் சார்."

சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியே சொல்லிவிட்டார். ஜெர்மனிக்காரர் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மிளகாயைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதைத்து வைத்த உப்பைக் கண்டுபிடித்த மெஷினை இதற்கு மேல் யார் குறை சொல்வது? மூளை இங்கேயே தங்கியது. அடுத்த வருடம் சார்தான் ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

போகும்போது அந்த மேப்பைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் "அக்கா" என்று எழுதியிருந்தது.

அந்த உப்பு எத்தனையோ மழையில் கரைந்து போயிருக்கும். ஆனாலும் அந்த மூலையில் மட்டும் நான் இன்னும் கீரை விதைப்பதில்லை.