மரகதத்தின் முகம் பொருந்தவில்லை

ஒரு காட்டில், அதுவும் டவர் கிடைக்கிற பக்கத்துக் காட்டில், ஒரு பச்சோந்தி இருந்தது. இதுவரை சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். இனிமேல்தான் பயம். விலங்குக் கதைக்கு ஒரு முறை இருக்கிறதாம். 'அது சென்றது, அது கண்டது' என்றே சொல்லிக்கொண்டு போக வேண்டுமாம். நான் 'அது' என்று தொடங்கினால் நாலாவது வரியில் 'நான்' என்று வந்துவிடும். ஆகவே இப்போதே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பச்சோந்தி நான்தான். பெயர் மரகதம். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நான் மறைத்தேன் என்று ஆகிவிடும்.

படிப்பு ஆறாம் வகுப்பு. மூளை இல்லாததால் நிற்கவில்லை. எங்கள் இனத்துக்குப் பயம் வந்தால் நிறம் மாறும். வாத்தியார் கேள்வி கேட்க எழுந்தாலே நான் கரும்பலகையின் நிறத்துக்குப் போய்விடுவேன். அவர் என் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பார், ஆளைக் காணாமல் 'வரவில்லை' என்று போட்டுவிடுவார். "வந்திருக்கேன் சார்" என்று சொல்லவும் பயம். கடைசியில் வருகை போதவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

காட்டில் கட்சி மாறுகிறவர்களை எங்கள் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். ஆதாயம் பார்த்து நிறம் மாறுகிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அப்படிப்பட்டவளின் மகள் கணினி படிக்கிறாள். வைடூரியம் என்று பெயர் வைத்தேன். ஓடைக்கு அந்தப்புறம் உள்ள கல்லூரிக்குப் போனதும் வைடூ ஆகிவிட்டாள்.

இனி தொல்லை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கிளைப் பதிவகத்திலிருந்து ஒரு ஆந்தை வருடத்துக்கு ஒரு தடவை வந்து, மரத்தடியில் நின்று, "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்றால் கிளை நமக்கு. அவ்வளவுதான். இப்போது ஆந்தையை எடுத்துவிட்டு ஆப் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனி மாதக் கடைசி நாளுக்குள் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். ஏற்கனவே பதிவான படத்தோடு முகம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஆள் இல்லை என்று எழுதி, கிளையைக் காத்திருப்புப் பட்டியலில் அடுத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

என்னுடையது புங்கமரத்தின் கிழக்குக் கிளை. காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். பூவுக்கு வருகிற ஈக்கள் என் வாயருகே வந்து போகும். அதை விட்டால் நான் இறங்கித்தான் போக வேண்டும். நான் நடக்கிற வேகத்துக்கு அடுத்த மரத்தை அடைவதற்குள் மேலே வட்டமிடுகிற பருந்து காலைச் சாப்பாட்டை முடித்துவிடும். சாப்பாடு யார் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டியலில் அடுத்த பெயர் கோதண்டம். கீழே அடிமரத்தில் குடியிருக்கும் ஓணான். நல்ல மாதிரிதான். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவான், அது அவர்கள் பிறவிக் குணம்.

"மரகதக்கா, ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல தம்பி."

"அவசரமே இல்லக்கா. சும்மாதான் கேட்டேன்." சொல்லிக்கொண்டே என் கிளையின் அகலத்தை வாலால் அளந்து பார்த்தான்.

வைடூ விடுமுறைக்கு வந்தாள். "ரெண்டு நிமிஷ வேலைம்மா, இதுக்கா இப்படி நிக்கிறே?" என்றாள். கல்லூரியில் அவளுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள், 'அன்றாட வாழ்வில் இணையச் சேவைகள்' என்று. முதல் வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள். 'இணையச் சேவைகள் வந்தபின் யாரும் எங்கும் போய் நிற்கத் தேவையில்லை.' எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். 'கேமராவை நேராகப் பார்க்கவும்' என்று வந்தது. எங்கள் கண்கள் தனித்தனியாகச் சுழலும். வலது கண் கேமராவைப் பார்த்தது. இடது கண் கோதண்டத்தைப் பார்த்தது.

"அம்மா, ரெண்டு கண்ணும்."

"அவன் வாலால அளக்கிறான்டீ."

"அளந்துட்டுப் போறான். நீ இங்க பாரு."

அதற்குள் போன் சொல்லிவிட்டது: 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கேமரா முன் இருக்கவும்.'

அடுத்த தடவை இரண்டு கண்ணையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 'முகம் பொருந்தவில்லை' என்று வந்தது. பக்கத்திலேயே பதிவான படத்தையும் காட்டியது. ஐந்து வருடத்துக்கு முன் முகாம் போட்டு எடுத்த படம். அன்று மாலை அந்த வருடத்து முதல் மழை பெய்து ஈசல் கிளம்பியிருந்தது. ஐம்பது அறுபது விழுங்கிவிட்டுப் போய் நின்றேன். படத்தில் துளிர் இலை நிறத்தில் ஒருத்தி வாயோரம் ஈசல் இறக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடீ இது, அழகா இருக்கா?" என்று கேட்டேன்.

"நீதாம்மா."

என்னை நானே பார்த்துக்கொண்டேன். அடுப்புக்கரி நிறம், அதன் மேல் கடுகுப்பூ நிறத்தில் புள்ளிகள். எனக்கே பொருந்தவில்லை, போனைக் குற்றம் சொல்வானேன்? மூன்றாவது தடவையும் அதே பதில். 'இன்றைய முயற்சிகள் முடிந்தன. நாளை முயலவும்.'

"மெஷினுக்குக் கோபமெல்லாம் கிடையாதும்மா. இருக்கிறதை இருக்கிறதோட ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். நீ பயப்படாம இரு. அது போதும்" என்றாள் வைடூ. அதற்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

மறுநாள் என்னைத் துளிர் இலைகளுக்கு நடுவே உட்காரவைத்தாள். மூச்சை இழுத்து விடச் சொன்னாள். "சந்தோஷமா ஏதாவது நினை" என்றாள். நினைத்தேன்.

"என்ன நினைச்சே?"

"நீ முட்டையை உடைச்சுக்கிட்டு வெளியே வந்த நாளை."

"அப்புறம் ஏன் இப்படிக் கறுக்கிறே?"

"அன்னைக்கும் நீ உருண்டு விழுந்துடுவியோன்னு பயமாத்தானே இருந்துச்சு?"

அன்று அறுபத்தொரு சதவீதம் பொருந்தியது. அதற்கடுத்த நாள் ஐம்பத்தெட்டு. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அப்டேட் செய்தாள். போனைத் துடைத்தாள். கடைசியில் என்னையும் துடைத்தாள். போனுக்குள் உதவிக்கு ஒருத்தி இருக்கிறாளாம். எழுதிக் கேட்டாள். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. முகம் பொருந்தாவிட்டால் ஒன்றை அழுத்தவும்' என்று பதில் வந்தது. எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றை அழுத்தினோம். 'இந்தச் சேவையைப் பெற முதலில் முகத்தைக் காட்டி உள்ளே நுழையவும்' என்றது.

வைடூ போனைக் கீழே வைத்தாள். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்கு இது சரியா வேலை செய்யும்மா. எங்க சார் கணக்குப் போட்டே காட்டினார்."

"மீதி ரெண்டு பேரு எங்க இருக்காங்க?"

நான் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.  அவள் கட்டுரையை எடுத்து, முதல் வரியில் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள்.

ஆனி கடைசி நாள் வந்துவிட்டது. விடிந்ததும் கிளம்பி, புதர் புதராகப் பதுங்கி, மதியம் ஆலமரத்தடியில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னால் பெரிய வரிசை. எனக்கு முன்னே ஒரு பாம்பு நின்றது. "தோலை உரிச்சது ஒரு குத்தமாம்மா? நான் வேற ஆளுங்குது" என்று என்னிடம் புலம்பியது. பாம்பிடம் ஆறுதல் சொல்கிற நிலைமை எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. அதற்கு முன்னே ஒரு ஆமை. நாலாவது நாளாக வருகிறதாம். தலையை வெளியே எடுப்பதற்குள் 'நேரம் முடிந்துவிட்டது' என்று வந்துவிடுகிறதாம். வைடூ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கட்டுரையில் எழுதுவதற்கு எவ்வளவோ கிடைத்தும் அவள் எதையும் எழுதவில்லை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

உள்ளே ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தார். பெரிய கண்கள். எதையும் அவசரமில்லாமல் பார்ப்பார்.

"பழைய படத்தை மாத்தணுமா? அதுக்குப் பழைய முகத்தைக் காட்டணும்."

"அந்த முகம் இல்லன்னுதானே மேடம் மாத்த வந்திருக்கோம்?" என்றாள் வைடூ.

"படிச்ச பொண்ணா இருக்கியே, புரியும்னு பார்த்தேன்."

வைடூவுக்கு வந்ததே கோபம். ஒரு முகத்துக்கு ஒரே படம் வைத்தது தப்பு, நிறம் மாறுகிறவர்கள் காட்டில் இருக்கிறார்கள் என்று ஆப்பைச் செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டும், சோதித்துப் பார்க்கும்போது குரங்குகளை மட்டும் வைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்றெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். பாதி எனக்குப் புரியவில்லை. முழுதும் சரி என்று மட்டும் தெரிந்தது. தேவாங்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார்.

"நீ சொல்றது நியாயம் பாப்பா. ஆனா நியாயத்துக்கு இதுல கட்டமில்ல." பிறகு என் நிறத்தைப் பார்த்து இரங்கினார் போலிருக்கிறது. "முகச் சேதம்னு ஒரு படிவம் இருக்கு. வாழ்நாள்ல ஒரே தடவை. புதுசா படம் எடுப்பேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதே முகத்தோட வரணும். யோசிச்சு நில்லுங்க."

"அம்மா, ஈசலை நினை. பச்சையா நில்லு" என்றாள் வைடூ.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் யோசித்தேன். ஈசல் நாள் எனக்கு ஒரே ஒரு தடவை வந்தது. கரிநிறம் தினமும் வருகிறது. கூப்பிடக்கூட வேண்டாம். வருடாவருடம் கொண்டுவர எது சுலபம்?

"பச்சை வேண்டாம்டீ. கறுப்பாவே எடுக்கச் சொல்லு."

ஆனால் என் ராசி அப்படி. ஒரு வழி கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது. வால் நுனியிலிருந்து மெல்ல மெல்லப் பச்சை ஏறத் தொடங்கியது. நிம்மதி வரக் கூடாத நேரத்தில் வந்து நின்றது.

"வைடூ, சீக்கிரம்! பயமா ஏதாவது சொல்லு!"

"பருந்து வருதும்மா!"

"அது தினமும் வருது, வேற சொல்லு."

"கோதண்டம் மாமா உன் கிளையில உக்காந்திருக்காரு!"

கொஞ்சம் கறுத்தேன். கறுப்பு முதுகோடு நின்றுவிட்டது.

"இப்பத்தான் சர்வர் வந்திருக்கு. போயிடும். எடுக்கவா வேண்டாமா?" என்றார் தேவாங்கு.

வைடூ என் பக்கம் திரும்பினாள். சத்தமில்லாமல் சொன்னாள். "அம்மா, நான் இந்தப் படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்."

கேமரா சத்தம் கேட்டது.

"அடடா" என்றார் தேவாங்கு. "இவ்வளவு தெளிவான படம் இந்த மையத்துல வந்ததே இல்ல." சரிபார்த்தார். நூற்றுக்கு நூறு. கிளை என் பெயரில் நின்றது.

வீட்டுக்கு வரும்வரை அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடிமரத்தில் கோதண்டம் காத்துக்கொண்டிருந்தான்.

"ஆயிடுச்சாக்கா?"

"ஆயிடுச்சு தம்பி."

"ரொம்ப சந்தோஷம்க்கா." தலையை ஆட்டினான். "அடுத்தது எப்ப, ஆனியிலதானே?"

திங்கட்கிழமை வைடூ பையை மாட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள். கல்லூரிக்கா, வேறு எங்காவதா என்று நான் கேட்கவில்லை. கட்டுரையை முடித்தாளா என்றும் கேட்கவில்லை. போனில் பேசுகிறாள். "சாப்பிட்டியா?" என்கிறேன், "சாப்பிட்டேம்மா" என்கிறாள். அதுவரை ஒன்றும் கெடவில்லை.

சில நாள் குரலை மாற்றிக்கொண்டு, "அம்மா, அன்னைக்கு மையத்துல ஒண்ணு சொன்னேன்ல..." என்று தொடங்குவாள். உடனே நான், "சார்ஜ் போகுதுடீ" என்று வைத்துவிடுவேன்.

உங்களுக்கு நான் கல்நெஞ்சக்காரியாகத் தெரியலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'சும்மா சொன்னேம்மா' என்று அவள் சொல்லிவிட்டால் அந்த நிமிடமே பச்சையாகிவிடுவேன். பிறகு எந்த ஆனியிலும் என் முகம் பொருந்தாது. 'நிஜமாத்தாம்மா' என்று சொல்லிவிட்டால், கரியைத் தாண்டி அடுத்து என்ன நிறம் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. அதுவும் பொருந்தாது. இரண்டில் எது என்று தெரியாமல் இருக்கிறவரைக்கும்தான் நான் சரியான நிறத்தில் இருக்கிறேன்.

இந்த வருடம் போனை நானே பிடித்துக்கொண்டேன். அவள் அன்று சொன்னதை ஒரு தடவை நினைத்தேன். முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. 'முகம் பொருந்தியது. நன்றி, மரகதம்.' அதற்குப் பின் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. போனை இலைக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை கிழக்குக் கிளையில் உட்கார்ந்திருந்தேன்.

நீதி: பதிவுப் படத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். சிரிப்புக்கு வருடாவருடம் காரணம் தேட வேண்டும். கவலை என்றால் வீட்டிலேயே இருக்கிறது, தீர்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.