கழுத்தளக்கும் நூல் சாமியார்

அமாவாசை வந்தால் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் அப்படியொரு கூட்டம். மலையேறவா? அட, அது எதற்கு? கொட்டகை போட்டிருக்கும் நூல் சாமியாரிடம் கழுத்தை நீட்டத்தான்! போன வருஷம்வரை செல்போன் கவர் விற்ற கன்னியப்பன்தான் இவர். ஞானம் திடீரென்றுதான் வரும் போலிருக்கிறது.

வரிசையில் வெண்மதியும் நின்றாள். மேல்மலையனூர் பஸ்களில் வேகவைத்த வேர்க்கடலையைக் கூவி விற்பவள். குரல்தான் அவளுக்குக் கடை. அந்தக் குரல் இப்போது கட்டிப்போயிருந்தது. சித்திரை வெயிலிலும் உடம்புக்குக் குளிரெடுத்தது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "கிருமியை அடிக்கிறதுக்கு ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் ஊறும்மா. உனக்கு அது ஆள் தெரியாம, கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியையே அடிக்குது. குரல் கட்டுறதும் குளிர்றதும் அதாலதான். மாத்திரையை மட்டும் நிறுத்திடாத."

முதல் தடவை வந்தபோது அவள் இதைச் சொல்ல, சாமியார் அதையும் விடவில்லை. "ஒடம்புக்குள்ள எதிரி இருக்கான்னு டாக்டரே சொல்ட்டாங்க பாத்தியா? ஏவி வுட்டது உன் ஓரகத்தி! மாத்திரை சாப்ட்டா என் தீர்த்தம் வேலை செய்யாது."

வெண்மதி மாத்திரையை நிறுத்தினாள். ஓரகத்தி காத்தாயியோடு பேச்சையும் நிறுத்தினாள். குரல் தானாகவே நின்றுபோய்க்கொண்டிருந்தது.

இன்றும் சாமியார் முறுக்கிய பருத்தி நூலால் அவள் கழுத்தை அளந்தார். ஒரே அளவில் இரண்டு நூல் நறுக்கி, ஒன்றைத் தீர்த்தச் செம்பில் முக்கி எடுத்து, மற்றதோடு சேர்த்துத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க! ஒரு வெரக்கடை கொறஞ்சிருக்குது! நோய் அவ்ளோ கொறஞ்சிட்டுது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெண்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் நோய் குறைகிறது. குரல் மட்டும் ஏன் வரவில்லை? ஈர நூலைப் பிடுங்கித் தன் கழுத்திலேயே சுற்றினாள். முனைகள் எட்டவில்லை.

"இன்னா சாமி, நோய் கொறஞ்சா கழுத்துதான இளைக்கணும்? இங்க நூலு இளைச்சிருக்குது?"

"உனக்கு நம்பிக்கை பத்தல!"

"செம்புக்கு இருக்குதா பாப்போம்." காய்ந்த நூலொன்றை எடுத்துச் செம்பின் கழுத்தை அளந்து நறுக்கினாள். தன் பாட்டிலிலிருந்த குழாய்த் தண்ணீரில் நனைத்து மறுபடி சுற்றினாள். இதுவும் எட்டவில்லை. கரகரத்த குரலில் கேட்டாள்: "செம்புக்கும் தைராய்டு கொறஞ்சிட்டுது சாமி! இதுக்குச் செய்வினை வெச்ச ஓரகத்தி எந்த ஊரு?"

கொட்டகையே சிரித்தது. சாமியாருக்கு அந்த நேரம் பார்த்துத் தியானம் வந்துவிட்டது, பின்பக்கமாகக் கிளம்பினார். வெண்மதி நேராக மருந்துக் கடைக்குப் போனாள், அங்கிருந்து காத்தாயி வீட்டுக்கு.

நனைந்தால் நூல் சுருங்கும், அதில் அதிசயமில்லை. கேட்டவனுக்கெல்லாம் கழுத்தை நீட்டுகிறோமே, அதற்கு மேலே ஒரு தலை இருப்பது நமக்கு எப்போது ஞாபகம் வரும்?