ஆஸ்திரேலியாவில் கொள்ளு

பாஸ்போர்ட் இல்லாமல் உலகம் முழுவதையும் உழுதவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஹாலந்துக்காரர்தான். காரிமங்கலத்துப் பக்கம் அவருக்கு மூன்று துண்டு நிலம். கிணற்றை ஒட்டியதற்கு ஹாலந்து என்று பெயர் வைத்திருந்தார். மாமரம் நின்றது பிரேசில். மேட்டில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த பெரிய துண்டு ஆஸ்திரேலியா. இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. கையகல ஹாலந்து ஊருக்கெல்லாம் காய்கறி அனுப்புகிறது, வானம் பார்த்த ஆஸ்திரேலியா கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்புகிறது, என் காடு மட்டும் ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்று கேட்பார்.

நான் அப்போது சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் வேலை பார்த்தேன். சந்தைக்கு வரும்போதெல்லாம் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். குழாய் வாங்க மாட்டார். செல்போனில் பார்த்த நாடுகளை எனக்கு ஒப்பிப்பார்.

"பக்கத்துக் காட்டோட ஒப்பிட்டுப் பாக்கலாமில்லைங்களா?" என்றேன் ஒருநாள்.

"அவங்கூட ஒப்பிட்டா அவனுக்கு வவுறு எரியுமுங்க. பிரேசில்காரனுக்குத் தெரியவா போவுது?"

தக்காளி விலை விழுந்து ஊரே ரோட்டோரத்தில் கொட்டிக்கொண்டிருந்த வாரம், "ஸ்பெயின்ல தக்காளிய ஆளுக்காளு வீசி வெளையாடறாங்க, தெரியுமா?" என்று வாசலில் நின்று ஆரம்பித்தார். கூடையோடு நின்ற விவசாயி ஒருவர் அவரையே பார்த்தார். "நானும் வீசட்டுங்களா?" என்றார். ஹாலந்துக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

அவருடைய ஒரே மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மனை போடுகிற ஆட்கள் மேட்டு நிலத்தைக் கேட்டு வந்ததும், மகன் அப்பாவைத் தேடிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்தார்.

"அப்பா, அது கல்லுக்காடு. அதுல என்னைக்காவது ஒரு படி தானியம் வந்திருக்கா? குடுத்துடலாம்."

"ஆஸ்திரேலியாவக் குடுக்கறதா? ஒரே ஒரு போகம் பொறுடா. வெளையலன்னா நானே கையெழுத்துப் போடறேன்."

சொன்னால் செய்துவிடுகிற மனிதர். எனக்குத்தான் பயமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் அறுத்த தாளை நிலத்திலேயே விட்டு ஈரம் காப்பார்களாம். இவர் மாட்டுக்குப் போட வேண்டிய ராகித் தாளை மேட்டுக் காடு முழுவதும் பரப்பினார். மாடு வைத்திருந்தவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, எங்கள் பக்கம் வெள்ளாமை இல்லாத காடு ஊர் ஆட்டுக்கெல்லாம் பொது, யாரும் தடுப்பதில்லை. ஆகவே உச்சி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றார். அவரைப் பார்க்க நான் போயிருந்த அன்று, ஆட்டுக்கார அக்கா தன் மந்தையோடு வந்து சேர்ந்தார்.

"போ, போ! ஆஸ்திரேலியாவுல தாள நெலத்துலயேதான் வுடுவாங்க!"

"அந்த ஊருலதான் ஆடு ஜாஸ்தின்னு போன வாரம் நீங்கதானுங்களே சொன்னீங்க?"

ஹாலந்துக்காரர் தாளைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார். ஆடுகள்கூடப் பொறுமையாகக் காத்திருந்தன. கடைசியில் குடையை மடக்கினார். "ஆமா. ஒப்பிட்டா முழுசா ஒப்பிடணும். உள்ள வுடு."

தாள் போயிற்று. ஆனால் அந்தக் கோடை முழுக்க அக்காவின் ஆடுகளை ராத்திரியில் அங்கேயே பட்டி போட்டு அடைக்க வைத்தார். புழுக்கை சேர்ந்த நிலத்தில் புரட்டாசி மழை விழுந்ததும் கொள்ளு விதைத்துவிட்டு, தினமும் மேட்டுக்கு ஏறி இறங்கினார். எனக்குப் போன் செய்வார். "ஆஸ்திரேலியாவுல பூ எடுத்திருக்குதுங்க" என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கள் பக்கம் சில குடும்பங்களில், விளையாத மூலையாகப் பார்த்துச் சொந்தக் காட்டிலேயே அடக்கம் செய்வார்கள். "என்னை ஆஸ்திரேலியாவுல போட்ருங்க, வெள்ளாமைக்கு நட்டமில்ல" என்று அவர் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். குழி வெட்டுகிறவர்கள் கடப்பாரையோடு மேட்டுக்கு ஏறினார்கள். மகன் முன்னால் போனார். நானும் கூடப் போனேன். மேலே போனதும் மகன் நின்றுவிட்டார்.

கொள்ளு காய் பிடித்து நின்றது. அங்கங்கே சொட்டை இருந்தது. ஆனாலும் கல்லை மூடிப் படர்ந்திருந்தது.

"ஓரமா நாலு செடியப் புடுங்கிட்டா எடம் கெடைச்சிருமுங்க" என்றார் குழி வெட்டுகிறவர்.

மகன் குனிந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார்.

"வேணாங்க. ஆஸ்திரேலியாவுல வெள்ளாமை நிக்குது. ஹாலந்துல வெட்டுங்க."

அதுவரை அந்தப் பெயர்களை அவர் வாயால் சொன்னதே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கிணற்றோரம், நல்ல மண்ணில், அப்பாவை வைத்தார். மேட்டு நிலத்தை இன்றுவரை விற்கவில்லை.

கடையை விட்டு நான் வந்துவிட்டேன். ஆனால் ஆஸ்திரேலியாவில் மழை இல்லை என்று எங்காவது செய்தி பார்த்தால் மனசு கிடந்து தவிக்கிறது. நன்றாகப் பெய்யட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், இரண்டு ஊருக்கும் சேர்த்து.